இடித்தது ஊர்; பதில் சொல்வது நாடு!

வெளிநாட்டில் வீட்டை இழந்தவருக்கு நஷ்டஈடு கொடுப்பது யார்?

2008-ம் ஆண்டு ஜனவரி மாதம். ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்கே உள்ள வேரா என்ற சிறிய ஊர்.

ஊருக்கு வெளியே இருந்த ஒரு புது வீட்டின் முன்னால், மண் தோண்டும் ராட்சத எந்திரம் வந்து நின்றது. கூடவே போலீசாரும் வந்தார்கள்.

அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் இங்கிலாந்தைச் சேர்ந்த கணவனும் மனைவியும். வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். குளிர் நாட்டில் காலம் தள்ளியது போதும், கடைசிக் காலத்தை வெயில் அடிக்கும் ஊரில் கழிக்கலாம் என்று ஸ்பெயினுக்கு வந்தவர்கள். கையில் இருந்த பணத்தைப் போட்டு அங்கே வீடு கட்டியவர்கள்.

சாமான்கள் அவசர அவசரமாக வெளியே வந்தன. எந்திரம் கையை நீட்டியது. சில மணி நேரத்தில் வீடு கல்லும் மண்ணுமாகக் கிடந்தது.

மிஞ்சியது ஓரத்தில் இருந்த கார் கொட்டகை ஒன்றுதான். அந்தத் தம்பதி அதிலேயே குடியேறினார்கள். மின்சாரமும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை.

என்ன குற்றம்?

புறம்போக்கு நிலத்தில் கட்டி விட்டார்களா? இல்லை. விலை கொடுத்து வாங்கிய நிலம்.

அனுமதி இல்லாமல் கட்டி விட்டார்களா? அதுவும் இல்லை. வேரா நகரசபை கொடுத்த அனுமதிச் சீட்டு அவர்கள் கையில் இருந்தது.

பிறகு ஏன் இடித்தார்கள்?

ஸ்பெயினில் வீடு கட்ட அனுமதி கொடுப்பது நகரசபை. ஆனால் எந்த நிலத்தில் வீடு எழும்பலாம், எந்த நிலம் காடு கழனியாகவே இருக்க வேண்டும் என்பதைக் கண்காணிப்பது மாகாண சர்க்கார். வேரா, அண்டலூசியா மாகாணத்தில் இருக்கிறது. "இது வீடு கட்டுவதற்கு உரிய நிலம் அல்ல. நகரசபை கொடுத்த அனுமதி செல்லாது" என்று மாகாண சர்க்கார் வழக்காடியது. அனுமதி ரத்து ஆயிற்று. எந்திரம் புறப்பட்டது.

ஒரு ஆபீஸ் "கட்டு" என்றது. இன்னொரு ஆபீஸ் "இடி" என்றது. இரண்டு ஆபீஸ்களும் போட்ட சண்டையில், நடுவில் இருந்த வீடு போயிற்று.

அந்தத் தம்பதியின் கட்சியை முறையாகக் கேட்காமலே காரியம் நடந்து விட்டது என்று ஸ்பெயினின் அரசியல் சட்டக் கோர்ட்டு பின்னர் கூறியது. அந்தத் தீர்ப்பைக் கேட்க, அவர்கள் இருந்தார்கள், வீடு இல்லை! நஷ்டஈட்டுக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுப் படி ஏறி இறங்கினார்கள்.

மூன்று லட்சம் வீடுகள்

இது ஒரு வீட்டின் கதை மட்டும் அல்ல.

1990-க்குப் பிறகு ஸ்பெயினில் வீடு கட்டும் தொழில் கொடி கட்டிப் பறந்தது. கடலும் வெயிலும் தேடி இங்கிலாந்து, ஜெர்மனி, ஹாலந்து நாடுகளில் இருந்து ஆயிரக் கணக்கானோர் வந்தார்கள். மனை விற்றவருக்கு லாபம். கட்டியவருக்கு லாபம். அனுமதி கொடுத்த நகரசபைக்கு வருமானம். சட்டத்தைப் பார்த்தவர்கள் குறைவு.

இந்த வியாபாரத்தில் ஊழலும் புகுந்தது. மார்பெல்லா என்ற கடற்கரை நகரத்தின் மேயரும் அதிகாரிகளும் 2006-ம் ஆண்டு கைது செய்யப்பட்டார்கள். அந்த நகரசபையையே மத்திய சர்க்கார் கலைத்து விட்டது.

அண்டலூசியா மாகாணத்தில் மட்டும், சட்டத்துக்குப் புறம்பாக எழும்பிய கட்டிடங்கள் சுமார் 3 லட்சம் என்று கணக்கிடப்பட்டது. அவற்றில் பெரும்பாலானவை ஸ்பெயின் நாட்டு மக்களுடைய வீடுகள். வெளிநாட்டாரின் வீடுகள் அவற்றில் ஒரு பங்குதான்.

ஆனால் வெளிநாட்டாரின் வீடு இடிந்தால், சத்தம் எல்லை தாண்டிக் கேட்கும். ஊர்ச் சண்டை, இரண்டு நாடுகளின் சண்டையாக மாறும்.

பக்கத்து வீட்டு ஓடு

இளைய மகன் கல் எறிந்து பக்கத்து வீட்டு ஓட்டை உடைத்து விடுகிறான். ஓட்டுக்குச் சொந்தக்காரர் யாரிடம் வருவார்? பையனிடம் அல்ல, தகப்பனாரிடம்தான் வருவார். "அவன் என் பேச்சைக் கேட்பதே இல்லை, அவனிடமே போய்க் கேளுங்கள்" என்று தகப்பனார் சொல்லித் தப்ப முடியுமா?

நாடுகளின் விஷயமும் இப்படித்தான். உள்ளே நகரசபை இருக்கலாம். மாகாண சர்க்கார் இருக்கலாம். ஒன்றுக்கொன்று ஆகாமலும் இருக்கலாம். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு அது ஒரே குடும்பம். குடும்பத்தில் யார் செய்த தவறுக்கும் நாடே பொறுப்பு. ஐக்கிய நாடுகள் சபையின் சர்வதேசச் சட்டக் கமிஷன் 2001-ம் ஆண்டில் வகுத்த விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன.

விதி இருக்கிறது. ஆனால் தகப்பனாரைக் கேள்வி கேட்க யார் வருகிறார் என்பதில்தான் சிக்கல். கேட்பவன் பலசாலியாக இருந்தால் ஒரு பதில். ஏழையாக இருந்தால் வேறு பதில். 175 ஆண்டுச் சரித்திரம் அதைத்தான் காட்டுகிறது.

பீரங்கிக் கப்பல்

கிரீஸ் நாட்டின் தலைநகரம் ஏதென்ஸ். 1847-ம் ஆண்டு, ஈஸ்டர் பண்டிகை.

ஏசுநாதரைக் காட்டிக் கொடுத்த யூதாசின் கொடும்பாவியை அன்று கொளுத்துவது அந்த ஊர் வழக்கம். கோடீசுவரர்களான ரோத்சைல்டு குடும்பத்தைச் சேர்ந்த யூதப் பிரமுகர் ஒருவர் அப்போது ஏதென்சுக்கு வந்திருந்தார். அதனால் சர்க்கார் கொடும்பாவிக்குத் தடை போட்டது. ஆத்திரம் அடைந்த கூட்டம், டேவிட் பசிபிகோ என்ற யூதரின் வீட்டுக்குள் புகுந்து சூறையாடியது. போலீசார் தடுக்கவில்லை.

பசிபிகோ ஜிப்ரால்டரில் பிறந்தவர். அது பிரிட்டனின் ஆட்சியில் உள்ள இடம். ஆகவே அவர் பிரிட்டிஷ் பிரஜை. கிரீஸ் சர்க்கார் நஷ்டஈடு கொடுக்கவில்லை. அவர் லண்டனுக்கு முறையிட்டார்.

லண்டன் சர்க்காரிடம் இன்னொரு புகாரும் இருந்தது. ஜார்ஜ் பின்லே என்பவர் ஸ்காட்லாந்துக்காரர், சரித்திர ஆசிரியர். கிரீஸ் விடுதலைக்காக உதவச் சென்று, அங்கேயே தங்கி விட்டவர். அவர் ஏதென்சில் வாங்கிய நிலத்தை, மன்னர் ஓட்டோவின் அரண்மனைத் தோட்டத்துக்காக எடுத்துக் கொண்டார்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் உரிய பணம் வரவில்லை.

பிரிட்டிஷ் வெளிநாட்டு மந்திரியாக இருந்தவர் பாமர்ஸ்டன் பிரபு. 1850-ம் ஆண்டு ஜனவரி மாதம் அவருடைய உத்தரவின்படி போர்க் கப்பல்கள் வந்து, கிரீசின் பைரியஸ் துறைமுகத்தை மறித்துக் கொண்டன. கிரேக்கக் கப்பல்கள் பிடிக்கப்பட்டன. பிடிபட்ட கப்பல்களின் சொந்தக்காரர்களா பசிபிகோவின் வீட்டைச் சூறையாடியவர்கள்? அல்ல. இருந்தாலும் தண்டனை அவர்களுக்கு!

பிரான்சும் ரஷியாவும் கோபம் கொண்டன. பிரான்ஸ் தன் தூதரை லண்டனில் இருந்து திருப்பி அழைத்தது. ஒரு வீட்டுச் சாமானுக்காக ஐரோப்பாவில் போர் மூளுமோ என்று பயம் ஏற்பட்டது.

பிரிட்டிஷ் பார்லிமெண்டில் காரசாரமான விவாதம் நடந்தது. பாமர்ஸ்டன் ஜூன் மாதம் 25-ந் தேதி ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பேசினார். ரோமாபுரியின் குடிமகன் உலகத்தில் எங்கே இருந்தாலும் ரோமாபுரி அவனைக் காத்தது போல, பிரிட்டிஷ் பிரஜையையும் அவன் நாடு காக்கும் என்பது அவர் வாதம். கிளாட்ஸ்டன் அதை எதிர்த்தார். வலிய நாட்டுக்கும் எளிய நாட்டுக்கும் நியாயம் ஒன்றாக இருக்க வேண்டும் என்றார். முடிவில் பாமர்ஸ்டன் பக்கம் 46 ஓட்டு அதிகம் விழுந்தது.

பின்லேக்கு 30 ஆயிரம் டிராக்மா கிடைத்தது. பசிபிகோவுக்கும் பணம் கிடைத்தது. ஆனால் அதில் ஒரு வேடிக்கை. போர்ச்சுகல் சர்க்கார் தனக்குப் பணம் தர வேண்டும் என்றும், அதற்கான பத்திரங்கள் சூறையில் போய் விட்டன என்றும் பசிபிகோ சொல்லி இருந்தார். அதற்கு அவர் கேட்டது 26 ஆயிரம் பவுனுக்கு மேல். பிறகு விசாரித்தவர்கள் கொடுத்தது 150 பவுன்!

விசாரணை முன்னால் நடந்திருந்தால், கப்பல்கள் புறப்பட்டிருக்குமா?

சுங்கத்தில் கை

பசிபிகோவின் வழக்கு பல நாடுகளுக்கு ஒரு பாடம் ஆயிற்று. பலசாலிகளுக்கு "இப்படியும் வசூலிக்கலாம்" என்ற பாடம். எளிய நாடுகளுக்கு "இப்படியும் வந்து நிற்பார்கள்" என்ற பாடம்.

1902-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜெர்மனி, பிரிட்டன், இத்தாலி ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து, தென் அமெரிக்காவில் உள்ள வெனிசுலாவின் துறைமுகங்களை மறித்தன. உள்நாட்டுச் சண்டையில் தங்கள் நாட்டார் இழந்த சொத்துக்கு நஷ்டஈடும், பழைய கடன் பாக்கியும் வர வேண்டும் என்பது அவர்கள் வழக்கு. வெனிசுலாவின் சிறு கப்பல் படை நொறுங்கியது. முடிவில் இரண்டு துறைமுகங்களின் சுங்க வருமானத்தில், நூற்றுக்கு முப்பது பங்கை எடுத்து வைக்க வெனிசுலா ஒப்புக் கொண்டது.

தென் அமெரிக்க நாடுகள் கொதித்தன. அர்ஜென்டினாவின் வெளிநாட்டு மந்திரி லூயிஸ் டிராகோ, ஒரு நாட்டின் கடனைப் பீரங்கி வைத்து வசூலிக்கக் கூடாது என்று அமெரிக்காவுக்கு எழுதினார். அதே அர்ஜென்டினாவைச் சேர்ந்த சட்ட நிபுணர் கார்லோஸ் கால்வோ, முன்பே இன்னொரு கருத்தைச் சொல்லி இருந்தார். வெளிநாட்டான் எந்த ஊருக்கு வருகிறானோ அந்த ஊர்க் கோர்ட்டில் வழக்காட வேண்டும். ஊர்க்காரனுக்கு இல்லாத சலுகை வந்தவனுக்கு எதற்கு என்பது அவர் கேள்வி.

கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் ஊர்க் கோர்ட்டிலேயே நீதி இல்லை என்றால் என்ன செய்வது? இதற்குக் கால்வோவின் கொள்கையில் பதில் இல்லை.

கடிதப் போர்

பீரங்கி போய்க் கடிதம் வந்தது மெக்சிகோ விவகாரத்தில்.

மெக்சிகோ சர்க்கார் பெரும் பண்ணைகளை எடுத்து, நிலம் இல்லாத விவசாயிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. எடுத்த நிலங்களில் அமெரிக்கர்களின் நிலமும் இருந்தது. அமெரிக்க வெளிநாட்டு மந்திரி கார்டல் ஹல், 1938-ம் ஆண்டு மெக்சிகோவுக்குக் கடிதம் எழுதினார். நஷ்டஈடு உடனே வர வேண்டும். போதுமானதாக இருக்க வேண்டும். கையில் எடுத்துச் செலவு செய்யக் கூடிய பணமாக இருக்க வேண்டும் என்று கேட்டார்.

மெக்சிகோவும் கடிதத்திலேயே பதில் சொன்னது. ஏழைகளின் வாழ்வுக்காகச் செய்யும் நிலச் சீர்திருத்தம் இது. எங்கள் நாட்டுக்காரனை விட உங்கள் நாட்டுக்காரனுக்கு அதிகம் தர முடியாது என்றது. கடிதம் போய்க் கடிதம் வந்தது. போர்க் கப்பல் வரவில்லை. 1941-ம் ஆண்டு இரு நாடுகளும் சமாதானமாயின. நிலத்துக்கும் மற்ற பழைய வழக்குகளுக்கும் சேர்த்து 4 கோடி டாலர் கொடுக்க மெக்சிகோ சம்மதித்தது.

சர்வதேசக் கோர்ட்டும் இதற்குள் ஒரு அளவுகோல் வகுத்து விட்டது. போலந்து எடுத்துக் கொண்ட ஒரு தொழிற்சாலைக்காக ஜெர்மனி தொடுத்த வழக்கில், 1928-ம் ஆண்டு ஹேக் நகரில் தீர்ப்பு வந்தது. தவறு நடக்காமல் இருந்தால் நிலைமை எப்படி இருந்திருக்குமோ, கூடுமான வரை அப்படி ஆக்கிக் கொடுப்பதே நஷ்டஈடு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உடைந்த ஓட்டுக்கு ஓட்டின் விலை மட்டும் அல்ல. மழை ஒழுகிக் கெட்ட அரிசிக்கும் சேர்த்துத்தான் கணக்கு.

கம்பெனிக்கு ஒரு வழி

நகரசபை செய்ததற்கு நாடு பணம் கட்டியது உண்டா? உண்டு.

மெக்சிகோவில் குவாடல்காசர் என்று ஒரு சிற்றூர். அங்கே அபாயகரமான ஆலைக் கழிவுகளைப் புதைக்கும் நிலையம் ஒன்றை, மெட்டல்கிளாட் என்ற அமெரிக்கக் கம்பெனி கட்டியது. மத்திய சர்க்கார் அனுமதி கொடுத்தது. ஆனால் நகரசபை கட்டிட அனுமதி மறுத்தது. ஊர் மக்களும் எதிர்த்தார்கள். தங்கள் மண்ணும் தண்ணீரும் கெட்டு விடும் என்பது அவர்கள் பயம். நிலையம் திறக்கப்படவே இல்லை.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளும் செய்து கொண்ட வியாபார ஒப்பந்தம் ஒன்று இருந்தது. அதன்படி கம்பெனியே மெக்சிகோ நாட்டின் மீது சர்வதேச நடுவர்களிடம் வழக்குத் தொடர்ந்தது. 2000-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தீர்ப்பு வந்தது. மெக்சிகோ 1 கோடியே 66 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்றார்கள். பின்னர் கனடாவின் கோர்ட்டு ஒன்று தீர்ப்பில் ஒரு பகுதியைத் தள்ளியது. பெரும் பகுதி நின்றது.

மறுத்தது நகரசபை, கட்டியது நாடு.

இங்கே ஊர் மக்களின் பயத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனி என்பதற்காக அது செய்வதெல்லாம் நியாயம் ஆகி விடாது. இடிப்பதும் தடுப்பதும் சில சமயம் ஊரின் நன்மைக்காகவே நடக்கலாம். ஆனால் ஒரு கை அனுமதி கொடுத்து, மறு கை பிடுங்கினால், நம்பியவனுக்கு நஷ்டம். அதற்கு யாராவது பொறுப்பு ஏற்க வேண்டும்.

கம்பெனிக்கு ஒப்பந்தம் இருந்தது, வக்கீல்கள் இருந்தார்கள். வேரா ஊரில் கார் கொட்டகையில் இருந்த தம்பதிக்கு என்ன இருந்தது?

அவர்களுடைய நாட்டுத் தூதரகம் இருந்தது. ஆனால் தனிப்பட்டவர்களின் சொத்து வழக்கில் தலையிட முடியாது. ஸ்பெயின் வக்கீலைப் பாருங்கள் என்பதுதான் பிரிட்டிஷ் சர்க்காரின் வழக்கமான பதில். பொதுப் பிரச்சினை என்ற முறையில் ஸ்பெயின் அதிகாரிகளிடம் பேசினார்கள். அதற்கு மேல் இல்லை.

இதில் ஒரு விதியும் இருக்கிறது. ஒரு நாடு தன் பிரஜைக்காக வழக்கைக் கையில் எடுப்பதற்கு முன்னால், அந்தப் பிரஜை உள்ளூர்க் கோர்ட்டுகள் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டும். நல்ல விதிதான். கப்பல் அனுப்பும் அவசரத்தை அது தடுக்கிறது. ஆனால் வயதானவருக்கு அந்தக் காத்திருப்பே ஒரு தண்டனை.

அக்ராவில் நடந்தது

இடிந்தது தனி மனிதரின் வீடு அல்ல, ஒரு நாட்டின் சொத்து என்றால், காரியம் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு.

கானா நாட்டின் தலைநகரம் அக்ரா. அங்கே நைஜீரியத் தூதரக வளாகத்தில் கட்டிக் கொண்டிருந்த கட்டிடத்தை, 2020-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஓர் இரவு, ஆயுதம் தாங்கிய ஆட்கள் வந்து இடித்து விட்டார்கள். நிலம் யாருடையது என்பதில் தகராறு. நைஜீரியாவிடம் சரியான பத்திரம் இல்லை என்று கூடப் பேச்சு எழுந்தது.

ஆனால் தூதரக இடத்துக்குள் அனுமதி இல்லாமல் யாரும் கால் வைக்கக் கூடாது என்பது 1961-ம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம். இரண்டும் பக்கத்து நாடுகள் போன்றவை. அன்றாட உறவு உள்ளவை. கானா ஜனாதிபதி நானா அகுபோ அடோ, நைஜீரிய ஜனாதிபதி புகாரியுடன் டெலிபோனில் பேசி வருத்தம் தெரிவித்தார். இடிந்த கட்டிடத்தைத் தன் செலவிலேயே பழைய நிலைக்குக் கொண்டு வருவதாகக் கானா சர்க்கார் அறிவித்தது.

இடித்தவர்கள் கானா சர்க்காரின் ஆட்கள் அல்ல. ஆனாலும் தகப்பனார் முன்வந்தார். தலைவர்கள் டெலிபோனை எடுத்தால் நஷ்டஈடு எவ்வளவு சுலபம்!

கேட்டவர்களில் ஸ்பெயினும்!

எல்லா இடத்திலும் அப்படி முடிவதில்லை.

ஜோர்டான் நதியின் மேற்குக் கரை, 1967-ம் ஆண்டு போரில் இஸ்ரேல் பிடித்த பகுதி. அதில் சுமார் 60 சதவீத நிலத்தில், கட்டிட அனுமதி கொடுக்கும் அதிகாரம் இஸ்ரேல் ராணுவ நிர்வாகத்திடம் இருக்கிறது. அங்கே வாழும் பாலஸ்தீன ஏழைகளுக்காக ஐரோப்பிய நாடுகள் வகுப்பறைகளையும், வெயிலில் மின்சாரம் எடுக்கும் தகடுகளையும் அமைத்துக் கொடுத்தன. அனுமதி இல்லை என்று இஸ்ரேல் அதிகாரிகள் அவற்றில் சிலவற்றை இடித்தார்கள். சிலவற்றை எடுத்துச் சென்றார்கள்.

2017-ம் ஆண்டு அக்டோபர் மாதம் பெல்ஜியம், பிரான்ஸ், ஸ்பெயின், சுவீடன், லக்சம்பர்க், இத்தாலி, அயர்லாந்து, டென்மார்க் ஆகிய எட்டு நாடுகள் சேர்ந்து இஸ்ரேலுக்குக் கடிதம் அனுப்பின. கேட்ட தொகை 30 ஆயிரம் யூரோவுக்குச் சற்று அதிகம். எட்டு நாடுகளுக்கு அது சில்லறைக் காசு. ஆனால் அவர்கள் கேட்டது காசுக்காக மட்டும் அல்ல. இடித்தது தவறு என்று இஸ்ரேல் ஒப்புக் கொள்ள வேண்டும் என்பதற்காக.

இஸ்ரேலின் பதில்: அனுமதி இல்லாத கட்டிடம் சட்ட விரோதம். யார் பணத்தில் கட்டினாலும் அப்படித்தான்.

ஐரோப்பாவின் பதில்: பாலஸ்தீனர் கேட்டால் அனுமதி கிடைப்பதே அரிது. கதவைப் பூட்டி விட்டு, "ஏன் சுவர் ஏறிக் குதித்தாய்?" என்று கேட்கலாமா? தவிர, போரில் பிடித்த பகுதியில் வாழும் மக்களைக் காக்க வேண்டியது பிடித்த நாட்டின் கடமை.

ஹாலந்து தனியாகப் பேசியது. அது கொடுத்த மின்சாரத் தகடுகளை இஸ்ரேல் அதிகாரிகள் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் வழக்கு தீர்ந்து விடவில்லை. பெத்லகேம் அருகே ஐரோப்பியப் பணத்தில் எழும்பிய ஒரு பள்ளிக்கூடம், 2023-ம் ஆண்டு மே மாதம் மறுபடியும் இடிக்கப்பட்டது.

நஷ்டஈடு கேட்டு எழுதிய எட்டு நாடுகளின் பெயர்களை இன்னொரு முறை பார்த்தால், ஒன்று கண்ணில் படும். அவற்றில் ஸ்பெயினும் உண்டு! தன் மண்ணில் அனுமதிச் சீட்டோடு கட்டிய வீட்டை இடித்த நாடு, தன் பணத்தில் கட்டியதை இன்னொருவர் இடித்ததும் நஷ்டஈடு கேட்டது. வாங்குகிற இடத்தில் ஒரு படி, கொடுக்கிற இடத்தில் ஒரு படி! ஸ்பெயின் மட்டும் அல்ல, அநேகமாக எல்லா நாடுகளும் இப்படித்தான்.

முதலில் பணம்

வேரா ஊர்த் தம்பதியைப் போலப் பயந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சங்கம் அமைத்தார்கள். ஊர்வலம் போனார்கள். ஐரோப்பியப் பார்லிமெண்டுக்கு மனு மேல் மனு போட்டார்கள். அப்போது பிரிட்டனும் ஐரோப்பிய ஐக்கியத்தில் இருந்தது. ஆகவே அந்தக் கதவு அவர்களுக்குத் திறந்திருந்தது.

டென்மார்க்கைச் சேர்ந்த மார்கிரேத்தா அவுகென் என்ற பெண் உறுப்பினர் விசாரித்து அறிக்கை கொடுத்தார். 2009-ம் ஆண்டு மார்ச் மாதம் ஐரோப்பியப் பார்லிமெண்டு அதை ஏற்றுக் கொண்டது. நல்ல எண்ணத்தோடு வாங்கியவர்களின் சொத்துரிமையை ஸ்பெயின் காக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐரோப்பிய உதவிப் பணத்தை நிறுத்தி வைக்கலாம் என்று அது எச்சரித்தது.

பீரங்கி இல்லாத எச்சரிக்கை. ஆனால் காதில் விழுந்தது.

2015-ம் ஆண்டு ஸ்பெயின் தன் சட்டத்தைத் திருத்தியது. சட்ட விரோதமான கட்டிடத்தை இடிக்கக் கோர்ட்டு உத்தரவிடலாம். ஆனால் விஷயம் தெரியாமல் நல்ல எண்ணத்தோடு வாங்கியவர் அதில் இருந்தால், அவருக்குச் சேர வேண்டிய நஷ்டஈட்டுக்கு முதலில் உத்தரவாதம் கொடுக்க வேண்டும். பிறகுதான் எந்திரம் வரலாம். 2019-ம் ஆண்டு அண்டலூசியா மாகாணமும் ஒரு புதுச் சட்டம் கொண்டு வந்தது. ஒழுங்கு இல்லாமல் எழும்பிய கட்டிடங்கள் பலவற்றுக்குத் தண்ணீரும் மின்சாரமும் முறையாகப் பெற அது வழி செய்தது.

இந்தத் திருத்தத்தில் ஒரு நல்ல அம்சம் உண்டு. அது வெளிநாட்டாருக்கு மட்டும் என்று எழுதப்படவில்லை. ஸ்பெயின் நாட்டு விவசாயி தன் மகனுக்காக வாங்கிய வீட்டுக்கும் அதே பாதுகாப்பு.

அந்த விவசாயிக்காக எந்தத் தூதரும் கடிதம் எழுத மாட்டார். எந்த நாடும் துறைமுகத்தை மறிக்காது. எந்த நடுவரும் அவருக்காகக் கூட மாட்டார்கள். அவருக்கு உள்ளது அவர் நாட்டுச் சட்டம் ஒன்றுதான். வந்தவர்கள் போட்ட சத்தத்தால், இருந்தவர்களுக்கும் வழி பிறந்தது.

கால்வோ கேட்டார்: ஊர்க்காரனுக்கு இல்லாத சலுகை வந்தவனுக்கு எதற்கு? அந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். வந்தவனுக்கும் கொடுக்காமல் இருப்பது ஒரு விதம். ஊர்க்காரனுக்கும் சேர்த்துக் கொடுப்பது இன்னொரு விதம். பின்னதுதான் நியாயம்.

சட்டத்தை மீறிய கட்டிடம் இடிய வேண்டி வரலாம். ஆற்றையும் காட்டையும் கழனியையும் காக்க வேறு வழி இல்லாமல் போகலாம். ஆனால் "கட்டு" என்று சீட்டு எழுதிக் கொடுத்த கைக்கும் அதில் பங்கு உண்டு. அந்தக் கை முதலில் பணத்தை எண்ணி வைக்கட்டும். பிறகு எந்திரத்தை அனுப்பட்டும்.

வேராவில் இடிந்த வீட்டுக்கு இந்தச் சட்டம் ஏழு ஆண்டு பிந்தி வந்தது. அந்தக் கார் கொட்டகை, அதுவரை பலருக்குச் சாட்சியாக நின்றது.